நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார்?

'ஏலியன்' படத்தை நான் முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில். பக்கத்து அறை நண்பன் வாடகைக்கு எடுத்து வந்த விசிடி. இரண்டு டிஸ்க். சப்டைட்டில் கிடையாது. கம்ப்யூட்டர் முன்னால் ஏழெட்டுப் பேர், ஜன்னலுக்கு ஒரு போர்வை. இருட்டான காட்சி வந்தால் திரையில் கறுப்புக் கட்டங்கள்தான் தெரியும். விண்கப்பலில் இருப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டே, ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே புகுந்து பேசும் ஆங்கிலம் எங்களில் யாருக்கும் முழுதாகப் பிடிபடவில்லை.

மறுநாள் மெஸ்ஸில் எல்லோரும் பேசியது அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சியைப் பற்றி. கேன் என்பவன் துடிதுடிக்கிறான், நெஞ்சைப் பிளந்துகொண்டு ஒன்று வெளியே வருகிறது. பயங்கரமான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வராமல் போனதற்குக் காரணம் அதற்கு முன்னால் வரும் இன்னொரு காட்சி. இத்தனை வருடம் கழித்தும், அறிவியல் புனைவுப் பேய்ப்படங்களைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் என் மனம் போய் நிற்பது அங்கேதான்.

அந்த விண்கப்பலிலிருந்து மூன்று பேர் ஒரு கோளில் இறங்குகிறார்கள். காற்றும் தூசியும். தூரத்தில் குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு கப்பல் கிடக்கிறது. உள்ளே போனால் சுவரெல்லாம் விலா எலும்பு போல இருக்கிறது. மேலே ஏறுகிறார்கள். ஒரு பெரிய கூடம். நடுவில் ஒரு மேடை. மேடைமேல் ஒரு நாற்காலி, அதோடு சேர்ந்து ராட்சதத் தொலைநோக்கி போல ஒன்று. நாற்காலியில் ஓர் உருவம் சாய்ந்திருக்கிறது. யானையின் தலை போல ஒரு தலை, அதிலிருந்து துதிக்கை மாதிரி ஏதோ ஒன்று மார்புக்கு இறங்குகிறது. கேப்டன் டாலஸ் விளக்கை அதன்மேல் அடித்துப் பார்க்கிறான். செத்து ரொம்ப காலம் ஆகியிருக்கும், கல்லாகிவிட்டது, நாற்காலியிலிருந்தே முளைத்த மாதிரி இருக்கிறது என்கிறான். அப்புறம், எலும்பு வெளிப்புறமாக வளைந்திருக்கிறது, உள்ளேயிருந்து வெடித்த மாதிரி என்கிறான். கூட வந்த லாம்பெர்ட் இங்கிருந்து போய்விடலாம் என்கிறாள். கேனுக்குத் தரையில் ஒரு துவாரம் கண்ணில் படுகிறது. கதை அந்தத் துவாரத்துக்குள், கீழே கிடக்கும் முட்டைகளிடம் இறங்கிவிடுகிறது. நாற்காலிக்குத் திரும்பி வரவேயில்லை.

அவ்வளவுதான். அந்த உருவத்துக்குப் படத்தில் பெயர் கிடையாது. படப்பிடிப்புக் குழுவினர் 'ஸ்பேஸ் ஜாக்கி' என்று கூப்பிட்டது பிறகு ரசிகர்களிடமும் ஒட்டிக்கொண்டது.

அதை உருவாக்கிய கதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கீகர். லண்டன் பக்கத்தில் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் சுமார் 26 அடி உயரத்துக்குக் கட்டினார்கள். ஒரே ஒரு காட்சிக்கு இவ்வளவு செலவா என்று தயாரிப்பு நிறுவனம் தயங்கியது. இது மலிவான பூதப்படம் இல்லை என்று பார்வையாளருக்கு உணர்த்தப்போவதே இந்தக் காட்சிதான் என்று படக்குழு வாதாடி வாங்கியது. ஆனாலும் பணம் போதவில்லை. கூடத்துக்கு ஒரே ஒரு சுவர்தான் கட்டினார்கள். நாற்காலி இருந்த மேடை சுழலக்கூடியது. கேமராக் கோணம் மாறும்போது மேடையைத் திருப்பிவைத்து, அதே சுவரையே நான்கு பக்கமும் காட்டினார்கள். இயக்குநர் ரிட்லி ஸ்காட் தன் மகன்களுக்கே சின்ன அளவில் விண்வெளி உடை தைத்துப் போட்டு நடக்கவிட்டார். குழந்தைகள் நடந்ததால் கூடம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஒரு சுவரும், சுழலும் மேடையும், சில பிள்ளைகளும் சேர்ந்து உண்டாக்கிய பிரம்மாண்டம் அது.

எனக்கு அன்று தூக்கத்தைக் கெடுத்தது எது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அந்த உருவத்துக்கு நம்மோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. மனிதர்கள் அங்கே வந்து சேர்வதற்கு எத்தனையோ காலம் முன்னால் அது எங்கிருந்தோ கிளம்பி, எங்கோ போகும் வழியில், தனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தோ தெரியாமலோ செத்திருக்கிறது. அதன் கதை நாம் இல்லாமலேயே ஆரம்பித்து முடிந்துவிட்டது. நாம் போய் டார்ச் அடித்துப் பார்க்கிறோம். நமக்கு நடக்கப்போவது அதற்கு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. அவ்வளவு பெரிய உடம்பையே உடைத்த ஒன்று, நம்மை என்ன செய்யும்?

இதோடு இன்னொன்று. அந்தக் கப்பலிலிருந்து வந்த சிக்னலைக் கேட்டுத்தான் இவர்கள் இறங்கினார்கள். தங்கள் கப்பலிலேயே இருந்த கதாநாயகி ரிப்ளி அதைப் பிரித்துப் படித்துவிட்டு, இது உதவி கேட்கிற மாதிரி இல்லை, எச்சரிக்கை மாதிரி இருக்கிறது என்கிறாள். அப்போது மூன்று பேரும் வெளியே போய்விட்டார்கள். யார் அனுப்பிய எச்சரிக்கை, யாருக்கு? படம் சொல்வதில்லை.

விடுகதைக்கு விடை உண்டு. போட்டவருக்கு அது தெரியும், நாம் தோற்றாலும் கடைசியில் சொல்லிவிடுவார். மர்மம் அந்த ரகம் இல்லை. ஒரு மர்மம் நல்லபடியாக அமைந்துவிட்டால், விடை கிடைக்காதது நமக்குக் குறையாகவே தெரியாது. கப்பல் ஏதோ ஆயுதம் ஏற்றிக்கொண்டு போனது என்ற மாதிரி ஓர் எண்ணம் தனக்கு இருந்ததாக ஸ்காட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் 1979இல் அதை அவர் படத்துக்குள் கொண்டுவரவில்லை. தன்னிடம் ஒரு விடை இருந்தும் அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்ட அந்த ரிட்லி ஸ்காட்டுக்கு நான் காலமெல்லாம் கடன்பட்டவன்.

சரி, இரண்டாம் பாகத்துக்கு வருவோம். 1986, ஜேம்ஸ் கேமரூன், 'ஏலியன்ஸ்'. தொடர்ச்சிப் படங்கள் மர்மத்தைக் கொன்றுவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தப் படத்தை வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு நேரான கணக்கு இல்லை.

முதல் படத்துக்காக ஸ்காட் ஒரு காட்சி எடுத்து, வேகம் குறைகிறது என்று வெட்டிவிட்டார். 2003இல் வந்த பதிப்பில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். ரிப்ளி கப்பலின் கீழ்த்தளத்தில் டாலஸைப் பார்க்கிறாள். சுவரோடு சுவராகப் பிசின் மூடிக் கிடக்கிறான், கொன்றுவிடு என்று கெஞ்சுகிறான். பக்கத்தில் இன்னொரு ஊழியன் பிரெட் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையாக மாறிக்கொண்டிருக்கிறான். அதாவது முட்டையிலிருந்து வந்தது மனிதனைப் பிடித்து, மனிதனையே மறுபடி முட்டையாக்குகிறது. தாய் இல்லை, கூட்டம் இல்லை. பார்க்கவே குமட்டுகிற ஒரு வட்டம்.

வெட்டுப்பட்ட காட்சிக்குக் கேமரூன் கட்டுப்பட வேண்டியதில்லை. இத்தனை முட்டைகளையும் போடுவது யார் என்று அவர் படத்தில் ரிப்ளி கேட்கிறாள். நாம் இதுவரை பார்க்காத ஏதோ ஒன்று என்று பிஷப் என்ற செயற்கை மனிதன் சொல்கிறான். விடையாக வந்து நிற்கிறது ராணி. ஸ்டான் வின்ஸ்டன் குழு சுமார் 14 அடிக்குச் செய்து, உள்ளே இரண்டு பேரை உட்காரவைத்து இயக்கியது.

இங்கே ஒரு மர்மம் போய்விட்டது, சந்தேகமில்லை. தேனீக்கூடு, எறும்புப் புற்று என்று நமக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிடக்கூடியதாகிவிட்டது அந்த உயிர். எண்ணிக்கை இருக்கிறது, சுட்டால் சாகிறது. முதல் படத்தில் ஒன்றே ஒன்று ஒரு கப்பலையே காலி செய்தது, இதில் டஜன் கணக்கில் விழுகின்றன. ஆனால் பதிலுக்குக் கேமரூன் ஒன்றைத் தருகிறார். முட்டை அறையில் சிறுமி நியூட்டை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ரிப்ளி நிற்கிறாள். எதிரில் ராணி. ரிப்ளி துப்பாக்கியை முட்டைகள் பக்கம் திருப்பிக் காட்டியதும் ராணி தன் காவலர்களைப் பின்வாங்கச் சொல்கிறது. ஒரு சத்தமும் தலை அசைவும்தான். இரண்டு தாய்களுக்கு ஒருவரையொருவர் புரிகிறது. அந்த உயிருக்கு அறிவும் பாசமும் இருக்கிறது என்று தெரியும்போது நம் பயம் குறையவில்லை, வேறு பக்கம் திரும்புகிறது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கேமரூன் தொடாமல் விட்டது. பிறகு வந்த நீளமான பதிப்பில் நியூட்டின் குடும்பம் அந்த லாட வடிவக் கப்பலைக் கண்டுபிடிக்கிறது. அப்பாவும் அம்மாவும் உள்ளே போகிறார்கள். நாம் பிள்ளைகளோடு வண்டியிலேயே காத்திருக்கிறோம். அடுத்து பார்க்கும்போது முட்டையிலிருந்து வந்த பிராணி அப்பாவின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசல்வரை போன கேமரா உள்ளே நுழையவில்லை. நாற்காலியும் அதில் இருந்தவரும் இருட்டிலேயே பத்திரமாக இருந்தார்கள்.

அதற்கடுத்த இரண்டு படங்களும், 1992இலும் 1997இலும் வந்தவை, அந்தப் பக்கமே போகவில்லை. 33 வருடம் அந்த உருவத்தை யாரும் எழுப்பவில்லை.

எழுப்பியது அதைப் படைத்தவரேதான். 2012இல் ஸ்காட் முதல் படத்துக்கு முன்கதையாக 'ப்ரொமிதியஸ்' எடுத்தார். நாற்காலியில் இருந்தது யார் என்று இத்தனை நாளாக யாரும் கேட்கவில்லையே என்பது தன்னை அரித்துக்கொண்டிருந்ததாக அவர் பேட்டிகளில் சொன்னார். படித்தபோது எனக்குக் கை சில்லிட்டது, சந்தோஷத்தில்தான். நான் கேட்டேனே! விடுதியில் படுத்துக்கொண்டு மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடி எத்தனை முறை கேட்டிருக்கிறேன். முதல் நாளே டிக்கெட் எடுத்தேன். 3டி கண்ணாடியோடு உட்கார்ந்தேன்.

படத்தின் ஆரம்பம் அற்புதம். ஐஸ்லாந்தில் டெட்டிஃபாஸ் என்ற அருவி. வெள்ளை வெளேரென்று ஒருவன் அதன் விளிம்பில் நின்று எதையோ குடிக்கிறான், உடம்பு சிதைந்து தண்ணீரில் கரைகிறது. அதுவரை நான் படத்தின் கையில் இருந்தேன். அப்புறம் அந்தக் காட்சி வந்தது. குகையில் கிடைத்த தலையைக் கப்பலுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்துப் பார்க்கிறார்கள். அதே யானைத் தலை. இது எலும்பு இல்லை, ஹெல்மெட் என்று கண்டுபிடித்து, மெதுவாகக் கழற்றுகிறார்கள். உள்ளே ஒரு முகம். கண், மூக்கு, வாய், எல்லாம் அதனதன் இடத்தில். பளிங்குச் சிலை மாதிரி ஒரு மனித முகம்.

எனக்குள் ஏதோ அணைந்தது அந்த நொடியில்தான். துதிக்கை என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்தது சுவாசக் குழாய். எலும்பு என்று நினைத்தது உடை. அடுத்து டிஎன்ஏ சோதனை. அவர்களுடையதும் நம்முடையதும் ஒன்று. நம்மைப் படைத்தவர்களே அவர்கள்தான். படத்தில் அவர்களுக்கு 'இன்ஜினியர்' என்று பெயர்.

அளவும் சுருங்கிவிட்டது. இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. 1979 படத்தில் டாலஸ் அந்த உருவத்தின் பக்கத்தில் நிற்கும்போது யானையின் காலடியில் நிற்கிற குழந்தை மாதிரி இருப்பான். 2012 படத்தில் அவர்கள் நம்மைவிட ஒன்றிரண்டு தலை உயரமான மனிதர்கள். நாற்காலியும் அந்த ஆளுக்கேற்ற நாற்காலிதான்.

கவனமாகப் பார்த்தால் இந்தக் கப்பல் அந்தக் கப்பலே இல்லை. முதல் படத்தின் கோள் எல்வி-426, இது எல்வி-223. 'ப்ரொமிதியஸ்' முடியும்போது அதன் விமானி நாற்காலியிலிருந்து எழுந்து கதாநாயகி ஷாவைத் துரத்திக்கொண்டு போய் வேறிடத்தில் சாகிறான். ஆக, எல்வி-426இல் செத்துக் கிடந்தவர் யார், அந்த எச்சரிக்கையை அனுப்பியது யார் என்ற கேள்விகளுக்கு ஏட்டளவில் இன்னும் பதில் வரவில்லை. ரசிகர்கள் இதைச் சொல்லித்தான் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள். நானும் முயன்று பார்த்தேன். ஆனால் இப்போது பழைய படத்தைப் போட்டால், டாலஸ் விளக்கை அடிக்கும்போது அந்த ஹெல்மெட்டுக்குள் இருக்கும் பளிங்கு முகம் எனக்குத் தெரிகிறது. அதை என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

2017இல் வந்த 'ஏலியன்: கவனென்ட்' இன்னும் ஒரு படி போனது. டேவிட் என்ற செயற்கை மனிதன் தனியாக ஒரு கோளில் உட்கார்ந்து, இன்ஜினியர்களின் கறுப்புத் திரவத்தை வைத்துப் பரிசோதனை செய்து, வரைந்து, வெட்டி, ஒட்டி, கடைசியில் முட்டைகளை வளர்த்தெடுக்கிறான். அந்தக் கொடூர உயிரை உருவாக்கியவன் அவனே என்று படம் நம்மை எண்ணவைக்கிறது. டேவிட் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் இரண்டு வேடத்தில் வந்து தனக்குத்தானே புல்லாங்குழல் சொல்லிக்கொடுக்கும் காட்சி இந்த வரிசையின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. தனிப் படமாக இருந்திருந்தால் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன்.

ஆனால் அது அந்த நாற்காலிக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். 'கவனென்ட்' நடப்பது 2104இல். முதல் படம் 2122இல். நடுவில் 18 வருடம். டாலஸ் "கல்லாகிவிட்டது" என்று சொன்ன ஒரே வார்த்தையில் எத்தனை ஆயிரம் வருட ஆழம் இருந்தது! அந்த ஆழத்தில் இப்போது 18 வருடம்தான் நிற்கிறது. அண்டத்தின் ஏதோ ஓர் இருட்டு மூலையிலிருந்து வந்த, பெயரே தெரியாத ஒன்று, மனிதன் செய்த இயந்திரம் செய்த பொருளாகிவிட்டது. நம்மைப் படைத்தவர்கள், நாம் படைத்தவன், அவன் படைத்தது. எல்லாம் ஒரே குடும்பத்துக்குள் முடிந்துவிட்டது. எங்கே திரும்பினாலும் நம் முகமே தெரிகிறது.

என் வருத்தம் இதுதான். விடை சொன்னதற்காக நான் கோபப்படவில்லை. கேமரூனும் விடை சொன்னார், ஆனால் அந்த விடை நம்மைத் தேடிக்கொண்டு வரவில்லை. ராணி ராணியாகவே இருந்தது, அதற்கு நம் சம்மதம் தேவையில்லை. முன்கதைகளோ விடையைத் தேடிப் போகும்போதெல்லாம் மனிதனைக் கொண்டுபோய் நடுவில் வைத்துவிடுகின்றன. கதை எழுதுகிறவருக்கு அது வசதி. பாத்திரத்துக்கு ஒரு காரணம் வேண்டும், காரணத்துக்கு ஓர் உறவு வேண்டும். ஆனால் அந்த நாற்காலிக் காட்சியின் உயிரே அதற்கு நம்மோடு உறவில்லை என்பதில் இருந்தது.

'தி திங்' விஷயம் வேறு மாதிரி. ஜான் கார்பென்டர் எடுத்தது, 1982. அதை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு லேப்டாப்பில் தனியாகப் பார்த்தேன். அண்டார்டிகாவில் ஓர் அமெரிக்க ஆய்வு முகாம். பனியில் ஒரு நாய் ஓடி வருகிறது. நார்வேக்காரர்கள் ஹெலிகாப்டரில் அதைத் துரத்திச் சுடுகிறார்கள். இறங்கிய ஒருவன் துப்பாக்கியோடு ஏதோ கத்திக்கொண்டே வருகிறான். சப்டைட்டில் இல்லை. அமெரிக்கர்களுக்குப் புரியவில்லை, ஆளுக்குப் பைத்தியம் என்று நினைத்து அவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். நாயைத் தடவிக்கொடுத்து உள்ளே விடுகிறார்கள்.

அவன் கத்தியது, தள்ளிப் போங்கள், அது நாயே இல்லை, நாய் மாதிரி வேடம் போட்ட ஏதோ ஒன்று என்ற பொருளில். நார்வே மொழி தெரிந்தவருக்கு அந்தப் படத்தின் மர்மம் முதல் சில நிமிடங்களிலேயே உடைந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விடை எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. சத்தமாக, முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டது. பாதி புரியாத ஆங்கிலத்தில் படம் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு மொழி தெரியாததால் செத்துப்போகும் அந்த முகாமின் கதை மிக நெருக்கமானதாகப் பட்டது.

பிறகு அமெரிக்க முகாமின் ஹெலிகாப்டர் ஓட்டி மக்ரெடியும் டாக்டரும் நார்வே முகாமுக்குப் பறந்து போகிறார்கள். எரிந்து கிடக்கிறது. நடைபாதையில் பனி. கதவில் ரத்தம் படிந்த கோடரி. ஒரு நாற்காலியில் (இங்கேயும் ஒரு நாற்காலி) தொண்டையும் மணிக்கட்டும் அறுபட்ட ஒருவன், வழிந்த ரத்தம் அப்படியே உறைந்து தொங்குகிறது. ஒரு பெரிய பனிக்கட்டி, நடுவில் குழிவாக, எதையோ வெளியே எடுத்த மாதிரி. வெளியே கருகிப்போன ஓர் உடல், இரண்டு முகங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஒட்டிக்கொண்டது போல.

இந்தக் காட்சிக்குத் தனியாக ஒரு முகாம் கட்டவில்லை. படத்தின் முடிவில் அமெரிக்க முகாமை வெடிவைத்துத் தகர்த்தார்கள் அல்லவா, அந்த மிச்சத்தையே நார்வே முகாமாகக் காட்டினார்கள். காசு மிச்சப்படுத்தச் செய்த காரியம். ஆனால் இதைவிடப் பொருத்தமாக யாராலும் திட்டமிட்டிருக்க முடியாது. மக்ரெடி தன் முகாமின் சாம்பலில்தான் நடந்துகொண்டிருக்கிறான், அவனுக்கு அது தெரியாது. நார்வேக்காரர்களுக்கு என்ன நடந்தது? அடுத்த ஒன்றரை மணி நேரம் நாம் பார்க்கப்போவதுதான் நடந்தது. முன்கதையைக் கார்பென்டர் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார்.

அப்படி இருக்க, 2011இல் அதே பெயரில் ஒரு முன்கதைப் படம் வந்தது. எடுத்தவர்கள் அக்கறையில்லாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையில் அவர்களுக்கு அக்கறைதான் அதிகம். பழைய படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அந்த முகாமில் தெரியும் ஒவ்வொரு தடயமும் எப்படி வந்திருக்கும் என்று யோசித்து, பின்னாலிருந்து முன்னால் கதை கட்டினார்கள். கோடரி எப்படிச் சிக்கியது, சொல்கிறார்கள். இரண்டு முகம் எப்படி ஒட்டியது, காட்டுகிறார்கள். நாற்காலியில் செத்தவன் யார், தெரிந்துவிடுகிறது. கடைசியில் நாய் ஓட, ஹெலிகாப்டர் கிளம்ப, கச்சிதமாகப் பழைய படத்தின் வாசலில் கொண்டுவந்து விடுகிறார்கள். பில் போட்ட கடைக்காரர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ரசீது இருக்கிறது.

1982இல் அந்தக் கோடரியைப் பார்த்தபோது, யார் யாரை வெட்டினார்கள், வெட்டியவன் மனிதனா, வெட்டுப்பட்டவன் மனிதனா என்று எனக்குள் பத்துக் கதைகள் ஓடின. பத்தும் ஒன்றைவிட ஒன்று மோசம். இப்போது ஒரே கதைதான் இருக்கிறது. அது என்னுடைய பத்தில் எதைவிடவும் சின்னது.

இன்னொரு சேதமும் உண்டு, இது யாருமே எதிர்பார்க்காதது என்று நினைக்கிறேன். அந்த ஜந்து உயிருள்ள செல்களைத்தான் நகலெடுக்கும், உலோகத்தை நகலெடுக்காது என்று முன்கதையில் ஒரு விதி சொன்னார்கள். பல்லில் அடைத்த உலோகம் இருக்கிறதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். கடைசியில் காதில் தோடு இல்லாததை வைத்து ஒருவனைப் பிடிக்கிறார்கள். தனியாகப் பார்த்தால் நல்ல யோசனை. ஆனால் பழைய படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். முகாம் எரிகிறது. மக்ரெடியும் சைல்ட்ஸும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரில் ஒருவர் மனிதன் இல்லாமல் இருக்கலாம், இருவருமே மனிதர்களாகவும் இருக்கலாம். ஒரு பாட்டில் கை மாறுகிறது. தீ அணைந்தால் குளிரில் இருவரும் சாகப்போகிறார்கள். முப்பது வருடம் உலகம் அந்த முடிவோடு நிம்மதியில்லாமல் வாழ்ந்தது. 2011க்குப் பிறகு என்ன ஆயிற்று? சைல்ட்ஸின் காதில் தோடு இருக்கிறதா என்று ஆட்கள் படத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மனிதர்களின் பரஸ்பர அவநம்பிக்கையைப் பற்றிய காட்சி ஒரு தோட்டைப் பற்றிய காட்சியாகிவிட்டது.

1997இல் கனடாவிலிருந்து வந்த 'க்யூப்' படத்துக்கும் இதுவே நடந்தது. பொறிகள் நிறைந்த கனசதுர அறைகள், உள்ளே மாட்டிக்கொண்ட சிலர். யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதன் வெளிச்சுவரை வடிவமைத்தவன் ஒருவன் உள்ளேயே இருக்கிறான், அவனுக்கும் தெரியாது. இதற்குப் பின்னால் பெரிய சதியெல்லாம் ஒன்றும் இல்லை, தலையே இல்லாமல் நடக்கும் ஒரு தப்பு என்கிறான் அவன். அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் அந்த வசனம் முதுகுத்தண்டில் இறங்கும். 2004இல் வந்த முன்கதை, கட்டுப்பாட்டு அறையையும் அதில் உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிறவர்களையும் காட்டியது. தலையில்லாத தப்புக்குத் தலை முளைத்துவிட்டது.

முன்கதை என்றாலே கெட்டது என்று நான் முடிவு கட்டிவிடவில்லை. 2022இல் வந்த 'ப்ரே' அப்படி இல்லை. வேற்றுக்கிரக வேட்டைக்காரர்கள் பூமிக்கு வரும் 'பிரிடேட்டர்' வரிசையின் முன்கதை, 1719இல் அமெரிக்கச் சமவெளியில் நடக்கிறது. நாரு என்ற கமாஞ்சி இனப் பெண் அந்த வேட்டைக்காரனை எதிர்கொள்கிறாள். அது எங்கிருந்து வந்தது, ஏன் வேட்டையாடுகிறது என்று படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. 1990இல் வந்த இரண்டாம் பாகத்தின் கடைசியில் அந்த இனத்தின் மூத்தவர் ஒருவர் 1715 என்று பொறித்த பழைய துப்பாக்கியைத் தூக்கிப் போடுவார். இவர்கள் எத்தனை காலமாக இங்கே வந்துபோகிறார்கள் என்று அந்த ஒரு எண்ணே சொல்லிவிடும். 'ப்ரே'யில் அதே துப்பாக்கி நாருவின் கைக்கு வருகிறது. அவள் கையிலிருந்து அது அந்தக் கூட்டத்திடம் எப்படிப் போனது? படம் அதைச் சொல்லாமல் முடிகிறது, எனக்கு நாருவை நினைத்து நெஞ்சு அடித்துக்கொண்டது. காலத்தில் பின்னால் போன ஒரு படம், இருந்த கேள்வியை இன்னும் பெரிதாக்கிவிட்டது. செய்ய முடியும் என்பதற்கு அது போதும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தான். 'ஏலியன்' பார்க்கலாமா என்று அவனாகவே கேட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, பெரிய டிவியில், நல்ல பிரின்டில், சப்டைட்டிலோடு போட்டேன்.

மூவரும் அந்தக் கூடத்துக்குள் ஏறினார்கள். நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி திரையில் முழுதாகத் தெரிவதற்குள், "மாமா, இதானே இன்ஜினியர்? அது எலும்பு இல்ல மாமா, சூட்டு" என்றான்.

'ப்ரொமிதியஸ்' அவன் பார்த்ததில்லை. பத்து நிமிட விளக்க வீடியோ ஒன்று பார்த்திருக்கிறான். எல்லாப் படத்தின் கதையையும் வருட வரிசையில் அடுக்கிச் சொல்லும் வீடியோ. அவன்மேல் தப்பில்லை. ஆர்வத்தில்தான் பார்த்திருக்கிறான். "ஆமாண்டா" என்று மட்டும் சொன்னேன். எனக்குத் தொண்டை அடைத்தது. ஜன்னலில் போர்வை கட்டிய அந்த விடுதி அறையை அவனுக்குக் கொடுக்க என்னிடம் வழியில்லை.

படம் ஓடியது. சாப்பாட்டு மேஜைக் காட்சியில் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டான். பிரெட் பூனையைத் தேடிப் போகும்போது, சங்கிலிகள் தொங்க, தண்ணீர் சொட்டச் சொட்ட, அவன் பேச்சே நின்றுவிட்டது. முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. விளக்கைப் போட எழுந்தேன்.

"மாமா."

"என்னடா?"

"அந்த சிக்னல் வார்னிங்னு ரிப்ளி சொன்னாளே. அந்த இன்ஜினியர்தான் செத்துட்டாரே. அப்போ சாகறதுக்கு முன்னாடி அனுப்பியிருக்கணும். யாரு வரப்போறாங்கன்னு நினைச்சு அனுப்பினாரு?"

"வீடியோவுல சொல்லலையா?"

"இல்லையே" என்றான். கறுப்புத் திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. கைபேசி பக்கத்திலேயே கிடந்தது, அவன் எடுக்கவில்லை. நான் விளக்கைப் போடாமல் திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.